'சிபியு' என்று நாம் அழைக்கும் பெட்டியின் கதை



சாதாரண தரப் பெறுபேறுகள் வெளிவந்து, பிள்ளைகள் உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யும் காலம் வந்துவிட்டால், எம்மைப் போன்ற ஆசிரியர்களுக்குப் பல வீடுகளிலிருந்து ஒரே கேள்விதான் வரும்.

"சேர், மகனுக்கு ஒரு கொம்பியூட்டர் எடுக்கணும். கடையில பெரிய சிபியு ஒண்டு காட்டுறாங்க. முன்னுக்குக் கண்ணாடி, உள்ளுக்கு லைட் எல்லாம் எரியுது. எடுக்கலாமா?"

இதற்கு ஓம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. ஆனால் பதிலில் பெரும்பகுதி அந்தப் பெட்டியின் வெளிப்பக்கத்திலேயே இருக்கிறது. அதிலுள்ள ஒவ்வொரு பொத்தானும், ஓட்டையும், தகட்டு மூடியும் ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு தேவைக்காக வந்தவை. எது எப்போது, எதற்காக வந்தது என்று தெரிந்தால், எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கத் தேவையில்லை என்பதும் தெரிந்துவிடும். பதிவு சற்று நீளமானது. ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். சிபியு என்பது மத்திய செயற்பாட்டு அலகு. அது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு சிறு சில்லு. நாம் சிபியு என்று கைகாட்டும் பெரிய பெட்டிக்குப் பெயர் கேசிங். அந்தப் பெட்டி எந்தக் கணக்கும் செய்வதில்லை. அதனால்தான் அதைப் பற்றி யாரும் கேட்பதுமில்லை. ஆனால் உள்ளே இருக்கும் விலைகூடிய பொருட்கள் மூன்று வருடம் வாழுமா, பத்து வருடம் வாழுமா என்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

■ படுத்திருந்த பெட்டி

1981 ஆகஸ்ட் 12ஆம் திகதி அமெரிக்காவின் ஐபிஎம் நிறுவனம் தனது 'பெர்சனல் கொம்பியூட்டரை' அறிமுகம் செய்தது. அதன் மாதிரி இலக்கம் 5150. இன்று எமது வீடுகளிலும் பாடசாலைகளிலும் இருக்கும் மேசைக் கணினிகளில் பெரும்பாலானவை அதன் வழிவந்தவையே.

அந்தப் பெட்டி நிற்கவில்லை. மேசையில் படுத்திருந்தது. அதன் முதுகில்தான் திரையை வைத்தார்கள். அந்தக் காலத்துத் திரைகள் கண்ணாடிக் குழாய் உள்ள பாரமான திரைகள் என்பதால், பெட்டி வளையாமல் தாங்க வேண்டியிருந்தது. அதனால் மூடி உருக்குத் தகட்டில் அமைந்தது.

உருக்குக்கு இன்னொரு காரணமும் உண்டு. கணினியின் சுற்றுகள் ஒரு செக்கனுக்குப் பல மில்லியன் தடவைகள் மாறி மாறி இயங்கும்போது அவற்றிலிருந்து வானொலி அலைகள் கசியும். பக்கத்து வீட்டு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அது இரைச்சலாகக் கேட்கும். அமெரிக்காவின் தொடர்பாடல் ஆணைக்குழு 1979இல் இதற்கெனக் கணினிகளுக்கு விதிகளைக் கொண்டுவந்தது. உலோகப் பெட்டி அந்த அலைகளை உள்ளேயே அடக்கிவிடும். கேசிங்கின் தகட்டில் பெரிய ஓட்டை ஒன்றை வெட்டாமல் சின்னச் சின்னத் துளைகளாகக் குத்தியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். காற்று போகும், இரைச்சல் வெளியே வராது.

முன்பக்கத்தில் ஐந்தேகால் அங்குல நெகிழ்வட்டு இயக்கிகளுக்காக இரண்டு அகன்ற வாய்கள் இருந்தன. அந்த அளவு இயக்கியை 1976இல் ஷுகார்ட் என்ற நிறுவனம் கொண்டுவந்தது. அகலம் ஏறக்குறைய 146 மி.மீ. பின்னர் வன்தட்டு வந்தது, அதே வாய்க்குள் போனது. சீடி வந்தது, டிவிடி வந்தது, அவையும் அதே அகலத்துக்குள் அடங்கின. உங்கள் வீட்டுப் பழைய கணினியில் டிவிடி இயக்கி இருந்தால் ஒரு அடிமட்டத்தை எடுத்து அளந்து பாருங்கள். 1976ஆம் ஆண்டின் அளவு இன்னும் அங்கே இருக்கும்.

பெட்டியின் பின்பக்கம் கார்டுகள் செருகுவதற்கு 5 இடைவெளிகள் இருந்தன. 1983இல் வந்த எக்ஸ்டி மாதிரியில் அவை 8 ஆயின. அவற்றை நெருக்கி அடுக்குவதற்காக ஒரு கார்டுக்கும் அடுத்த கார்டுக்கும் இடையிலான தூரத்தை 20.32 மி.மீ. ஆக்கினார்கள். இன்றும் கேசிங்குகளின் பின்பக்கத்தில் அதே தூரம்தான். நாற்பது வருடங்களில் உள்ளே எல்லாம் மாறிவிட்டன, அந்த இடைவெளி மாறவில்லை.

மின்சாரத்தைப் பாருங்கள். முதலாவது ஐபிஎம் கணினியின் பவர் சப்ளை 63.5 வாட். எமது வீட்டு சீலிங் ஃபேன் ஒன்று இழுக்கும் அளவுதான் அது. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

■ எழுந்து நின்ற பெட்டி

1984இல் வந்த ஏடி மாதிரி இன்னும் பெரியது. மேசையில் அதை வைத்தால் எழுதுவதற்கு இடமில்லை. அதனால் பெட்டியைப் பக்கவாட்டில் நிமிர்த்தி நிலத்தில் வைக்கத் தொடங்கினார்கள். 1987 ஏப்ரலில் ஐபிஎம் பிஎஸ்/2 வரிசையை வெளியிட்டபோது, அதில் 60, 80 ஆகிய மாதிரிகள் நின்ற நிலையிலேயே வடிவமைக்கப்பட்டிருந்தன. தூக்குவதற்கு மேலே கைபிடி, சரியாமல் நிற்க அகன்ற பாதம் எல்லாம் இருந்தன. 'டவர்' என்று இன்று நாம் சொல்லும் உருவம் இப்படித்தான் நிலைத்தது.

1990களில் டவர்கள் சிறியது, நடுத்தரம், பெரியது என்று பிரிந்தன. பெரியது ஏறக்குறைய 60 செ.மீ. உயரம் வரும். அவ்வளவு பெரிதாக ஏன் செய்தார்கள்? அலுவலகங்களில் எல்லோருடைய கோப்புகளையும் சேமிக்கும் சேவையகக் கணினிக்காகத்தான். ஒரு வன்தட்டின் கொள்ளளவு குறைவாக இருந்த காலம் அது. ஐந்து ஆறு தட்டுகளை அடுக்க வேண்டும், பிரதி எடுக்க நாடா இயக்கியும் வேண்டும். அதனால் முகத்தில் வரிசையாக வாய்கள், அவற்றுக்கு மூடிகள், உட்புறத்தில் விசாலமான இடம். பெட்டியின் பருமன் உள்ளே இருந்த வேலையின் பருமனைக் காட்டியது.

எழுந்து நின்றதால் வேறு சில விடயங்களும் மாறின. திரை பெட்டியிலிருந்து விடுதலை பெற்றது. பெட்டி மேசைக்குக் கீழே போனது. அங்கேதான் தூசு அதிகம். குனிந்துதான் எதையும் செருக வேண்டும். பிற்காலத்தில் யூஎஸ்பி துறைகளும் பவர் பொத்தானும் பெட்டியின் உச்சிக்கு ஏறியதற்குக் காரணம் இதுதான். எனவே ஒரு கேசிங்கின் உச்சியில் பொத்தான் இருந்தால் அது நிலத்தில் வைப்பதற்காக வடிவமைத்தது என்று விளங்கிக்கொள்ளலாம்.

■ பூட்டும் டர்போ பொத்தானும்

ஏடி மாதிரியின் முகத்தில் ஒரு சாவித் துவாரம் இருந்தது. பூட்டினால் விசைப்பலகை வேலை செய்யாது, மூடியையும் கழற்ற முடியாது. கடவுச்சொல் பழக்கமாகாத காலத்தில் அலுவலகத்தின் பாதுகாப்பு அந்தச் சாவிதான். 1990களின் கேசிங்குகளிலும் அந்தப் பூட்டு தொடர்ந்து வந்தது.

அதற்குப் பக்கத்தில் 'டர்போ' என்று ஒரு பொத்தான். இதன் கதை சுவாரசியமானது. முதலாவது ஐபிஎம் கணினி 4.77 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. அக்காலத்து விளையாட்டு மென்பொருள்கள் சில அந்த வேகத்தையே கடிகாரமாக நம்பி எழுதப்பட்டிருந்தன. வேகமான கணினி வந்ததும் அந்த விளையாட்டுகள் கண்ணால் பார்க்க முடியாத வேகத்தில் ஓடி முடிந்துவிட்டன. அதனால் தேவைப்படும்போது கணினியை மெதுவாக்குவதற்கு ஒரு பொத்தான் வைத்தார்கள். வேலை மெதுவாக்குவது, பெயரோ டர்போ! 'மெதுவாக்கும் பொத்தான்' என்று பெயர் வைத்தால் யார் வாங்குவார்கள்?

பொத்தானோடு ஒளிரும் இலக்கங்களும் வந்தன. 33, 66 என்று கணினியின் வேகத்தை அது காட்டும். உண்மையில் அந்தத் திரை எதையும் அளக்கவில்லை. பின்னால் இருந்த சிறு இணைப்பிகளை மாற்றி மாற்றிச் செருகினால், விரும்பிய இலக்கத்தை அதில் தோன்றச் செய்யலாம். 33 ஓடும் கணினியின் முகத்தில் 99 என்று காட்டவும் முடியும். பெட்டியின் முகத்தில் வரும் வெளிச்சம் உள்ளே நடப்பதைச் சொல்லத்தான் வேண்டும் என்ற கட்டாயம் அன்றே போய்விட்டது. இன்று கடையில் எரியும் வண்ண விளக்குகளைப் பார்க்கும்போது எமக்கு அந்த இலக்கங்கள்தான் ஞாபகம் வரும்.

அந்தக் கால ஏடி கேசிங்குகளில் ஓர் ஆபத்தும் இருந்தது. முன்பக்கப் பவர் பொத்தான் உண்மையான மின் சுவிட்ச். பவர் சப்ளையிலிருந்து பிரதான மின்சாரமே ஒரு வயர் வழியாகப் பெட்டியின் முகம் வரை வந்து போனது. அதன் காப்பு உரிந்திருந்தால் கணினியைத் திறப்பவரின் கைக்கு அடி நிச்சயம். பழைய கணினிகளைத் திருத்திப் பழகும் தம்பிமார் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

■ 1995: ஒரு நல்ல ஒப்பந்தம்

1995இல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்ற நியமத்தை வெளியிட்டது. எமது பார்வையில் இந்தப் பெட்டியின் வரலாற்றில் முக்கியமான ஆண்டு இதுதான்.

ஏடிஎக்ஸ் என்ன சொன்னது? தாய்ப்பலகையின் முழு அளவு 305 x 244 மி.மீ. அதை இறுக்கும் ஆணிகளின் இடங்கள் இவை. பின்பக்கத்தில் துறைகள் எல்லாம் 158.75 x 44.45 மி.மீ. அளவுள்ள ஒரே செவ்வகத் துவாரத்தில் வர வேண்டும். அந்தத் துவாரத்துக்குத் தாய்ப்பலகையோடு ஒரு மெல்லிய தகடு வரும். துறைகள் எப்படி மாறினாலும் தகட்டை மாற்றினால் போதும், பெட்டியை மாற்றத் தேவையில்லை.

பவர் பொத்தானும் மாறியது. அதில் பிரதான மின்சாரம் வருவது நின்றது. பொத்தானை அழுத்தினால் தாய்ப்பலகைக்கு ஒரு செய்தி மட்டும் போகும், மிச்சத்தைத் தாய்ப்பலகை பார்த்துக்கொள்ளும். கணினி உறைந்துபோனால் நான்கைந்து செக்கன் அழுத்திப் பிடித்து அணைக்கிறோமே, அதுவும் இந்த முறையில்தான் சாத்தியமாகிறது. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். பொத்தானை அணைத்த பிறகும் உள்ளே ஒரு சிறு மின்சாரம் விழித்திருக்கும். கேசிங்கைத் திறப்பதாக இருந்தால் சுவரிலுள்ள ப்ளக்கைக் கழற்றிவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

இந்த ஒப்பந்தத்தின் நன்மை எமது கைகளுக்கு நேரடியாக வருகிறது. 1990களின் இறுதியில் செய்த ஒரு நல்ல ஏடிஎக்ஸ் கேசிங்கில் இன்று வாங்கும் தாய்ப்பலகையை இறுக்கலாம். ஆணிகள் பொருந்தும், பின்பக்கத் தகடு பொருந்தும். இருபத்தைந்து வருடப் பெட்டி மீண்டும் வேலைக்கு வரும். காற்றோட்டத்துக்கு விசிறி ஒன்று கூடப் போட வேண்டி வரலாம், அவ்வளவுதான்.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. பிரபல கொம்பனிகளின் அலுவலகக் கணினிகள் பல, பாவித்த நிலையில் எமது சந்தைக்கு வருகின்றன. அவை உறுதியானவை, விலையும் குறைவு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றின் பவர் சப்ளையும், முன்பக்க வயர்களும், தாய்ப்பலகையின் வடிவமும் அந்தக் கொம்பனிக்கு மட்டும் உரியவை. ஒன்று பழுதானால் கடையில் உள்ள பொதுவான பொருள் பொருந்தாது. வாங்க முன்னர் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பின்பக்க நிறங்களும் இந்தக் காலத்தில்தான் வந்தன. விசைப்பலகைக்கு ஊதா, மவுசுக்குப் பச்சை, திரைக்கு நீலம், மைக்குக்கு இளஞ்சிவப்பு, ஸ்பீக்கருக்கு இளம்பச்சை. மைக்ரோசொஃப்டும் இன்டெலும் சேர்ந்து வெளியிட்ட 'பிசி 99' வழிகாட்டி இந்த நிறங்களை வகுத்தது. எழுத்து வாசிக்கத் தெரியாதவரும் நிறத்துக்கு நிறம் பார்த்து வயரைச் செருகலாம். சத்தமில்லாமல் செய்த ஒரு பெரிய உதவி அது.

■ பெட்டிக்குக் காய்ச்சல்

1993இல் வந்த முதலாவது பென்டியம் சில்லு 15 வாட் அளவில் வெப்பம் கக்கியது. 2004இன் பென்டியம் 4 சில்லுகளில் சில 100 வாட்டைத் தாண்டின. 2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 என்ற கிராபிக்ஸ் கார்ட், அதாவது கடைகளில் 'விஜிஏ' என்பது, தனியாக 450 வாட். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியின் ஏறக்குறைய அரைவாசி வெப்பம். முதலாவது கணினியின் பவர் சப்ளையே 63.5 வாட் என்று பார்த்தோம் அல்லவா? அதைப்போல் ஏழு மடங்கு!

இந்தக் காய்ச்சல்தான் பெட்டியின் முகத்தை மாற்றியது. 2000களின் நடுப்பகுதியில் வந்த கேசிங்குகளின் பக்கக் கதவில் வட்டமாகத் துளைகள் குத்தி, உட்புறம் ஒரு பிளாஸ்டிக் புனல் வைத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதை ஏதோ அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். சில்லின் விசிறிக்கு வெளிக்காற்றை நேரடியாகக் கொடுப்பதற்கு இன்டெல் சொன்ன வழி அது. சில்லின் விசிறிக்குள் போகும் காற்று 38 பாகை செல்சியசுக்கு மேல் போகக்கூடாது என்பது அதன் இலக்கு.

இன்டெல் அதோடு நிற்கவில்லை. 2003இல் பிடிஎக்ஸ் என்று புதிய நியமத்தை அறிவித்து, காற்று முன்னாலிருந்து பின்னால் நேராக ஓடும்படி உள்ளே எல்லாவற்றையும் இடம் மாற்றியது. ஆனால் உலகம் ஏடிஎக்ஸ் பெட்டிகளை விட்டுக்கொடுக்கவில்லை. 2006இல் இன்டெலே அதைக் கைவிட்டது.

மாற்றம் பெட்டி செய்பவர்களிடமிருந்து வந்தது. 2003இல் அப்பிளின் பவர் மக் ஜி5 கணினி அலுமினியப் பெட்டியில் வந்தது. அதன் முகம் முழுவதும் நுண்துளைகள். உட்புறத்தை நான்கு வெப்ப வலயங்களாகப் பிரித்து 9 விசிறிகள் வைத்திருந்தார்கள். 2005இல் அன்டெக் பி180 என்ற கேசிங், அதுவரை மேலே இருந்த பவர் சப்ளையைக் கீழே தனி அறைக்கு இறக்கியது. பவர் சப்ளையின் வெப்பம் தனியாக வெளியேறியது, பாரமும் அடிக்கு வந்து பெட்டி உறுதியாக நின்றது. இன்றைய கேசிங்குகளில் பவர் சப்ளை கீழே இருப்பது வழமையாகிவிட்டது.

2008இல் கூலர் மாஸ்டர் வெளியிட்ட ஹாஃப் 932 இந்தக் காலத்துப் பெரிய பெட்டிக்கு நல்ல உதாரணம். பெயரே 'அதிக காற்றோட்டம்' என்பதன் சுருக்கம். உயரம் 545 மி.மீ., ஆழம் 575 மி.மீ., அகலம் 230 மி.மீ. வெறும் பெட்டியே 13 கிலோவுக்கு மேல். முன்னால், உச்சியில், பக்கக் கதவில் என மூன்று இடங்களில் 230 மி.மீ. விசிறிகள், பின்னால் 140 மி.மீ. விசிறி ஒன்று. முகம் முழுக்கக் கம்பி வலை. அழகுப் போட்டிக்குப் போகும் பெட்டி இல்லை, படைமுகாமில் இருக்க வேண்டியது போல இருக்கும். ஆனால் தன் வேலை என்ன என்பதில் அதற்குக் குழப்பம் இருக்கவில்லை.

பெரிய விசிறி ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கணிதப் பாடமாகவே சொல்லிவிடலாம். 80 மி.மீ. விசிறியோடு ஒப்பிட்டால் 120 மி.மீ. விசிறியின் பரப்பு 2.25 மடங்கு. அதே அளவு காற்றை மெதுவாகச் சுற்றியே தள்ளிவிடும். மெதுவாகச் சுற்றினால் இரைச்சல் குறையும்.

■ கண்ணாடி வந்த கதை

இனி அழகுக்கு வருவோம். நீண்ட காலம் கணினிப் பெட்டி என்றால் வெளிறிய மணல் நிறம்தான். பாடசாலைகளின் மூலையில் இன்று மஞ்சளாகிக் கிடப்பவை அவைதான். முன்முகத்தின் பிளாஸ்டிக் வெளிச்சம் பட்டுப் பட்டுக் காலப்போக்கில் மஞ்சளாகிவிடும்.

1998இல் அப்பிளின் ஐமக் ஒளி ஊடுருவும் நீலப் பிளாஸ்டிக்கில் வந்தது. நெகிழ்வட்டு இயக்கியும் அதில் இல்லை. கணினி அலங்காரப் பொருளாகவும் இருக்கலாம் என்று உலகம் கண்டுகொண்டது. அதன் பிறகு இளைஞர்கள் தங்கள் கேசிங்கின் பக்கக் கதவை வாளால் அறுத்து, அக்ரிலிக் தாள் ஒட்டி, உள்ளே வண்ணக் குழாய் விளக்கு பொருத்தத் தொடங்கினார்கள். கையால் செய்ததைச் சில வருடங்களில் தொழிற்சாலைகளே செய்து விற்றன. அக்ரிலிக் போய் வன்கண்ணாடி வந்தது. சீடி, டிவிடி பாவனை குறைந்ததும் முகத்திலிருந்த வாய்கள் மூடப்பட்டன. வெறுமையான அந்த முகத்திலும் கண்ணாடியைப் பொருத்தினார்கள்.

அங்கேதான் சிக்கல். முன்முகம் காற்று உள்ளே வரும் வழி. அதைக் கண்ணாடியால் மூடிவிட்டு, பின்னால் மூன்று வண்ண விசிறிகளைச் சுற்ற விட்டால் அவை எங்கிருந்து காற்றை எடுக்கும்? ஓரத்தில் விரல் அகலத்துக்கு விட்டிருக்கும் கீறலிலிருந்துதான். பல வருடங்கள் பாடுபட்டுத் திறந்த முகத்தைக் கண்ணாடி மீண்டும் மூடிவிட்டது. நல்ல தயாரிப்பாளர்கள் இதை உணர்ந்து கம்பி வலை முகத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள். பக்கக் கதவு கண்ணாடியாக இருந்தால் பெரிய குறையில்லை. முகம் கண்ணாடியாக இருந்தால் யோசிக்க வேண்டும்.

எமது நாட்டில் இன்னும் அதிகமாக யோசிக்க வேண்டும். விசிறி அறைக் காற்றைத்தான் உள்ளே தள்ளும். அறை 31 பாகையில் இருந்தால் பெட்டியின் உட்புறம் அதைவிடக் குளிராக ஒருபோதும் இருக்காது. குளிர்நாட்டு அறையை நினைத்துச் செய்த மூடிய பெட்டி, மதிய வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே திண்டாடும்.

■ பின்பக்கத்தையும் பாருங்கள்

வாங்குபவர்கள் முகத்தை மட்டும் பார்க்கிறார்கள். உயிர் சம்பந்தப்பட்ட விடயங்கள் பின்பக்கத்தில் இருக்கின்றன.

பழைய பவர் சப்ளைகளில் ப்ளக் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு சிவப்பு சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் 115, மறுபக்கம் 230 என்று எழுதியிருக்கும். அமெரிக்காவில் 115, எமக்கு 230. அது 115இல் இருக்கும்போது எமது மின்சாரத்தில் போட்டால் உள்ளே வெடிக்கும். வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பாக வந்த கணினி என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பிள்ளைகள் விளையாட்டாக அதைத் தள்ளிவிடாதபடி ஒரு டேப் ஒட்டி வைப்பது நல்லது.

அடுத்தது புவித்தொடுப்பு. கேசிங்கின் தகடு, ப்ளக்கின் மூன்றாவது கம்பி வழியாகப் பூமியோடு இணைந்திருக்க வேண்டும். சில வீடுகளில் அந்தக் கம்பி இணைக்கப்படாத நீட்டிப்பு வயர்களைப் பாவிக்கிறார்கள், இன்னும் சிலர் இரண்டு கம்பி அடப்டரில் செருகுகிறார்கள். பெட்டியைத் தொட்டால் கை கூசுவது போல 'கிர்' என்று இருந்தால் இதுதான் பெரும்பாலும் காரணம். "எல்லா கொம்பியூட்டரும் இப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். மின்னியலாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நிற்கும் பிள்ளைக்கு அது சிறிய விடயம் இல்லை.

மூன்றாவது, கார்ட் இடைவெளிகளை மூடும் மெல்லிய தகடுகள். கழற்றியபின் திரும்பப் போடாமல் விட்டால் அந்த வழியே தூசும், எறும்பும், பல்லியும் குடிவரும். பல்லி தாய்ப்பலகையில் நடந்து இறந்த கணினிகள் எத்தனை! கரையோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

■ கடைக்குப் போகும்போது

இவ்வளவு வரலாற்றையும் ஐந்து கேள்விகளாகச் சுருக்கித் தருகிறோம்.

1. முன்முகம் வலையா, கண்ணாடியா? கணினி ஓடும்போது முன்னால் ஒரு டிசு தாளைப் பிடியுங்கள். உள்ளே இழுபட்டு ஒட்டினால் காற்று போகிறது. அசையாமல் நின்றால் விளக்கு மட்டும்தான் எரிகிறது.

2. தூசு வடிகட்டி உண்டா, ஆணி கழற்றாமல் எடுத்துக் கழுவலாமா? முன்னாலும் கீழேயும் பாருங்கள். கழுவினால் நன்றாகக் காயவைத்த பிறகே திரும்பப் போட வேண்டும்.

3. பக்கக் கதவைக் கழற்றிக் கையில் பிடித்தால் வளைகிறதா? மலிவான பெட்டிகளின் தகடு அரை மில்லிமீற்றர்தான். வளையும் தகடு விசிறியோடு சேர்ந்து அதிரும். விளிம்புகள் கையை வெட்டுகின்றனவா என்றும் தடவிப் பாருங்கள்.

4. பக்கம் கண்ணாடி என்றால் வீட்டுத் தரை டைலா? வன்கண்ணாடியின் மூலை டைலில் பட்டால் கதவு முழுவதும் பொடியாகிவிடும். துடைக்கக் கழற்றும்போது துணியின் மேல் வைக்கப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

5. இவ்வளவு பெரிய பெட்டி உண்மையில் தேவையா? பெரிய டவர் பல வன்தட்டுகளுக்கும் மிகப் பெரிய கிராபிக்ஸ் கார்டுகளுக்கும் வந்தது. உயர்தரத் தொழினுட்பப் பிரிவுப் பிள்ளைக்குச் சிறிய அல்லது நடுத்தரப் பெட்டி தாராளமாகப் போதும். மிச்சமாகும் காசில் நல்ல பவர் சப்ளை வாங்கலாம், அல்லது எஸ்எஸ்டியின் அளவைக் கூட்டலாம். கடைக்கார நானாவிடம் தயங்காமல் கேளுங்கள். நல்ல வியாபாரி கோபப்பட மாட்டார்.

இங்கே எழுதுவதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. வெளிநாட்டில் உழைக்கும் வாப்பா அனுப்பிய காசு, உம்மா சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு, இவற்றால்தான் எமது ஊரில் பல வீடுகளுக்குக் கணினி வருகிறது. அந்தக் காசில் ஒரு பங்கு வண்ண விளக்குக்குப் போய், இரண்டு வருடத்தில் வெப்பத்தால் பழுதாகி, பிள்ளை செயற்றிட்டம் ஒப்படைக்கும் நேரத்தில் கணினி கறுத்துப் போய் நிற்பதை நாங்கள் வகுப்பறையில் காண்கிறோம். பிள்ளைகள் விளக்கை விரும்புவதில் குற்றமில்லை. அது அவர்களுடைய வயது. ஆனால் காற்று முதலில், விளக்கு பிறகு என்று சொல்லிக்கொடுப்பது பெரியவர்களான எமது பொறுப்பு.

இறுதியாக ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய டவர் பெட்டி இருந்தால் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்க முன்னர் ஒரு தடவை யோசியுங்கள். பின்பக்கத்தில் அந்த 158.75 x 44.45 மி.மீ. செவ்வகத் துவாரம் இருந்தால், அது ஏடிஎக்ஸ் பெட்டியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பக்கத்திலுள்ள பாடசாலையின் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப ஆசிரியரிடம் காட்டுங்கள். தகடு உறுதியான பழைய பெட்டி ஒன்றில் புதிய தாய்ப்பலகையைப் பொருத்தினால், கணினி இல்லாத ஒரு பிள்ளைக்கு அது போதும்.

கேள்விகள் இருந்தால் கீழே கேளுங்கள். பெட்டியின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படமெடுத்துப் போட்டால் தெரிந்த அளவுக்குச் சொல்கிறோம். பயனுள்ளது என்று நினைத்தால் கணினி வாங்க இருக்கும் குடும்பங்களுக்குப் பகிர்ந்துவிடுங்கள். பவர் சப்ளை தெரிவு செய்வது பற்றி இன்ஷா அல்லாஹ் அடுத்த பதிவில் பார்ப்போம்.